கைராசி மைனஸ் தொண்ணூற்றொன்று

விளம்பரங்கள் செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. யாரும் கொலை செய்யவில்லை. நம்புவதற்கு ஆளில்லாமல் தானாகவே போய்ச் சேர்ந்தன. திரையில் பேசுவது நடிகரா, நடிகரின் முகத்தை மாட்டிக்கொண்ட மென்பொருளா என்று தெரியாமல் போன பிறகு, சோப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஜனங்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தவை குழுக்கள்தான். தெருக் குழு, பள்ளி வேன் குழு, சஷ்டி விரதக் குழு, சர்க்கரை நோயாளிகள் குழு. எதிர்வீட்டுப் பரிமளம் வாங்கினாளா? அப்படியென்றால் நமக்கும் ஒன்று. வியாபாரம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு அந்தக் குழுக்களுக்குள் குடிபோய்விட்டது.

நான் வேலை பார்த்த கம்பெனி மாட்டுத்தாவணி பக்கத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. விளம்பரம் போன பிறகு அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. எங்கள் வேலை இதுதான்: ஒரு குழுவில் புதுப் பொருளை யார் முதலில் வாங்கினால் மற்றவர்கள் பின்னாலேயே வாங்குகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. அந்த முதல் ஆளிடம் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். மீதியைக் குழு பார்த்துக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்பதற்காகத் தலைகீழாக ஓட்டிப் பார்த்தேன். வந்ததை எடுத்துக்கொண்டு எங்கள் முதலாளி இமயவரம்பன் அறைக்குப் போனேன். பெயருக்கு ஏற்ற உயரம் கிடையாது. நாற்காலியை மட்டும் உயர்த்தி வைத்திருப்பார்.

"சார், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்துக்கெல்லாம் எங்கிட்ட வராத சொக்கா. பெரிசாக்கிட்டு வா."

"சில பேரு முதல்ல வாங்குனா பொருள் ஓடுதுல்ல சார். அதே மாதிரி சில பேரு முதல்ல வாங்குனா பொருள் படுத்துருது."

"தற்செயலா இருக்கும்."

"ஒரு தடவன்னா தற்செயல். இந்த ஆளு நாப்பத்திமூணு புதுப் பொருளு வாங்கியிருக்காரு. அதுல நாப்பத்தியொண்ணு இப்ப உலகத்துலயே இல்ல."

"மிச்சம் ரெண்டு?"

"ஒண்ணு உப்பு. இன்னொண்ணு தீப்பெட்டி."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். கொய்யா வாசனை ஷாம்பு. மடித்து வைக்கும் இட்லிச் சட்டி. புதினா காபி. பேசும் பூட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று அது திருடனுக்கும் மரியாதையாகச் சொல்லியது. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த ஆள் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரே வாசகத்தை எழுதியிருந்தார். "நல்லா இருக்கு. எல்லாரும் வாங்கலாம்."

"இந்த ஆளு எப்படிறா இத்தனையக் கெடுத்தாரு?"

"அவரு கெடுக்கல சார். ஓடாத பொருளு எப்படியோ இவருக்குப் புடிச்சுப்போகுது. இவரு வாங்குறது ஒரு அறிகுறி, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் மாதிரி. தெர்மாமீட்டர்தான் காய்ச்சலக் குடுக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"நம்ம ஊர்ல சொல்லுவாங்க," என்றார் இமயவரம்பன். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி நின்றார். சந்தோஷம் வந்தால்தான் அவர் இறங்குவார். "இதுக்கு ஒரு பேரு வைய்யி. கடைக்காரனுக்குப் பாத்ததும் புரியணும்."

நான் செய்த தப்பு இதுதான். 'ஆரம்பகட்ட நுகர்வோர் விளைவுக் குறியீடு' என்று வைத்திருந்தால் ஒருவரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் 'கைராசி' என்று வைத்தேன். காலையில் முதல் போணி யார் கையால் ஆகிறது என்று பார்த்துக் கல்லாப்பெட்டியைத் தொட்டுக் கும்பிடுகிற ஊரில், அதற்கு ஒரு எண்ணையும் கொடுத்துவிட்டேன். பிளஸ் நூறிலிருந்து மைனஸ் நூறு வரை.

அந்த ஷாம்பு ஆளுக்கு வந்த எண் மைனஸ் தொண்ணூற்றொன்று. தென் மாவட்டங்களிலேயே கடைசி. முகவரியைப் பார்த்தேன். எங்கள் தெரு. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தனுஷ்கோடி மாமா.

தனுஷ்கோடி மாமா ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். எனக்குச் சொந்தமில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா, அவ்வளவுதான். அவர் பெயரில் ஓர் ஊர் கடலுக்குள் போயிருக்கிறது; அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் தெருவில் எல்லோரும் சம்பந்தம் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

கைராசி எண் வெளிவந்த பத்தாவது நாள் மாமா செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"டேய் சொக்கா, இதப் பாரு. புதுசா முருங்கைக்கீரை பிஸ்கட்டு வந்துருக்கு. போட்டேன். ஸ்டாக் இல்லைங்குது."

"தீந்துருக்கும் மாமா."

"ஒங்கம்மா போட்டா இருக்குங்குது. பரிமளம் போட்டா இருக்குங்குது. எனக்கு மட்டும் எப்படிறா தீரும்?"

நான் போனை வாங்கி, அணைத்து, திரும்ப உயிர்ப்பித்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது அவ்வளவுதான். பணம் கட்டிய கம்பெனிகளின் சரக்கை மைனஸ் எண்காரர்களுக்கு நாங்கள்தான் மறைத்து வைத்திருந்தோம் என்று சொல்லவில்லை. அவரும் திருப்தியாகப் போனார்.

கம்பெனிகளோடு அது நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஷாம்புக்காகச் செய்த எண் அது. இமயவரம்பன் அதை ஓர் ஆப்பாக்கி, எல்லோருடைய குழுக் கணக்கிலும், பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி வைத்தார். "வெளிப்படைத்தன்மை," என்றார்.

முதலில் மாறியவர் முக்குக் கடை கருத்தக்கண்ணன். தினமும் வெள்ளன ஆறு மணிக்கு அவர் கடையில் முதல் டீ குடிப்பவர் தனுஷ்கோடி மாமா. பதினோரு வருடப் பழக்கம். அன்றைக்குக் கருத்தக்கண்ணன் கிளாஸை எடுக்கவில்லை. நான் பால் வாங்கப் போயிருந்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. முதல் போணி வேற யாராச்சும் பண்ணட்டும். நீங்க ரெண்டாவதா வாங்க."

"ரெண்டாவதா வந்தா பரவால்லையா?"

"ஆறாவதா வந்தா இன்னும் நல்லதுண்ணே."

மாமா சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வருவதை எண்ணிக்கொண்டிருந்தார். பாக்கெட் பால் வண்டி வரப் பிந்தியதால் நான் நாலாவது ஆள். "அஞ்சாவதுக்குத்தான் வெய்ட்டிங்," என்று என்னிடம் சொன்னார், பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போல.

அப்புறம் பரிமளம் வீட்டு வளைகாப்பு. அழைப்பிதழை அத்தையிடம் கொடுத்துவிட்டு, "அண்ணன் வேலைக்குப் போயிட்டு மெதுவா சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்," என்றார்களாம். தெருவில் புதுப் போர் போட்டார்கள். மோட்டார் சுவிட்சைப் போடும்போது மாமாவை அங்கிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் வந்தது. அவர் நிற்காததால் வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுபக்கமும் ஒன்று நடந்தது. திருமங்கலத்தில் மேரி ரோஸ்லின் என்று ஒரு சத்துணவு அமைப்பாளர். அவர் எண் பிளஸ் எண்பத்தெட்டு. தினம் அவர் வீட்டு வாசலில் பெட்டி பெட்டியாகப் புதுப் பொருள்கள். குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட அவரிடம் கொண்டுவந்தார்கள். புது ஸ்கூட்டருக்குச் சாவி போட அவரைக் கூப்பிட்டார்கள். பாவம், அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

இதற்கு நடுவில் இமயவரம்பனுக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் வந்த ஒரு சேமியா கம்பெனிக்குப் போட்டியாக இன்னொரு சேமியா கம்பெனி இருந்தது. மைனஸ் தொண்ணூற்றொன்றுக்கு எதிராளியின் சேமியாவை அனுப்பினால் என்ன? நாற்பது பாக்கெட்டுகள் மாமா வீட்டுக்குப் போயின. பரிசு என்று சொன்னோம். அவர்களும் சாப்பிட்டார்கள். எதிராளியின் சேமியா முன்பைவிட நன்றாக ஓடியது.

"மெஷின் ரிப்பேரா?" என்றார் இமயவரம்பன். "போய் விசாரிச்சுட்டு வா."

மாமா வாசலில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு யாரும் அவருக்கு விற்பதில்லை.

"மாமா, அந்த சேமியா எப்படி இருந்துச்சு?"

"நல்ல சேமியாதான்."

"அப்ப ஏன் குழுவுல எழுதல? எப்பயும் எழுதுவீங்கள்ல."

"அது நல்லா ஓடுற சரக்குடா. அதுக்கு நான் எதுக்கு?"

எனக்குப் புரியவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"குழுவுல ஒருத்தன் புதுசா ஒண்ணக் கொண்டாந்து வைப்பான். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. குட்மார்னிங் பூப்படம் மட்டும் வந்து விழுகும். அவன் திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பான். எனக்கு அதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாதுடா. முத நாளே ஈ ஓட்டுனா மனசு விட்டுப்போகும்ல. ஒண்ணு வாங்கி, நாலு வார்த்த நல்லதா எழுதிருவேன்."

"புடிக்காமயா எழுதுனீங்க?"

"சேச்சே. வாங்குனப்புறம் புடிச்சுரும். எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பான்னு நெனச்சா எல்லாமே புடிக்கும். அந்தப் புதினாக் காபிகூட."

நான் அலுவலகத்துக்குத் திரும்பி, மெஷின் ரிப்பேர் இல்லை என்று மட்டும் சொன்னேன். தென் மாவட்டங்களிலேயே ராசி கெட்ட கை என்று நாங்கள் கண்டுபிடித்தது, ஆள் வராத கடைக்கெல்லாம் தேடித்தேடிப் போன ஒரு கை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த மென்பொருளில் இடம் இல்லை. நானே செய்தது என்பதால் எனக்குத் தெரியும்.

மாமாவின் மகள் கயல் அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பி.காம். முடித்து ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டுச் சமையலறையில் எட்டு மாதமாக ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டினாள். பருத்திப்பால் பொடி. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுகிற சமாச்சாரம். மதுரையில் தெருமுனை வண்டியில்தான் கிடைக்கும். அதைச் சுடுதண்ணீரில் கலக்கினால் வண்டியில் குடித்த மாதிரியே இருக்கிற பொடியாக்கினாள். ஆயிரம் பாக்கெட் தயார். தெருக் குழுவில்தான் முதலில் வைக்க வேண்டும். தெருவில் ஓடினால்தான் கம்ப்யூட்டர் அதை அடுத்த தெருவுக்கு அனுப்பும்.

ஒரு மத்தியானம் என்னைப் பார்க்க வந்தாள். தெருக் குழுவுக்கு நான்தான் அட்மின்.

"சொக்கா, அப்பாவக் குழுவ விட்டு எடுத்துரு."

"என்னக்கா சொல்ற?"

"நாளைக்குக் காலையில நான் பொடிய வைக்கப் போறேன். வச்ச அடுத்த நிமிஷம் அவரு வாங்குவாரு. எழுதுவாரு. எம்பொழப்பு முடிஞ்சுது."

"அதெல்லாம் வெறும் கணக்குக்கா. அவரால ஒண்ணும் ஆகாது. அவரு அறிகுறிதான், காரணம் இல்ல."

"நீ எனக்குச் சொல்ற. தெருவுல இருக்கிற இருநூத்திப் பதினாறு பேருக்கும் சொல்வியா? அவரு பேரு முதல்ல வந்தா எவன்டா ரெண்டாவதா வருவான்?"

அவள் சொன்னது சரி. தெர்மாமீட்டரைப் பார்த்தே காய்ச்சல் வரவைக்கிற நிலைக்கு நாங்கள் ஊரைக் கொண்டுவந்திருந்தோம்.

"நீயே அவருகிட்டச் சொல்லேன்."

"எப்படிறா சொல்றது? எங்கடையில நீ வாங்காதப்பான்னா?" அவள் என் மேஜையில் இருந்த கீபோர்டைத் துணியால் துடைத்தாள். அது அழுக்காகத்தான் இருந்தது. "நீ செஞ்ச எண்ணுதான். நீயே செய்யி."

செய்தேன். ஒரு பொத்தான். 'சொக்கன், தனுஷ்கோடியை நீக்கினார்' என்று குழுவில் ஒரு வரி வந்து நின்றது. கீழே யாரோ குட்மார்னிங் ரோஜாப்பூ போட்டார்கள். மத்தியானம் மூன்று மணி.

மறுநாள் மாமா பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்தார்.

"கைதவறிப் பட்டுருச்சாடா?"

"ஆமா மாமா. சரி பண்ணிர்றேன்."

"வேணாம். பொடி விக்கிற வரைக்கும் தவறியே இருக்கட்டும்."

அவர் வாட்சைப் பார்த்தார். அவருடைய பஸ் வர இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. அவரே அதைச் சொல்லிவிட்டு, அதற்குள் நடந்தே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டார்.

பொடி ஓடியது. தெருவில் விற்றதும் எங்கள் மென்பொருள் அடுத்த பாக்கெட்டைத் திருமங்கலத்துக்கு, மேரி ரோஸ்லினிடம் அனுப்பியது. இரண்டே வாரத்தில் பன்னிரண்டு குழுக்கள். பின்னால் திண்டுக்கல், தேனி. கயல் அக்கா இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. மாமா மட்டும் அதைக் குடிக்கவில்லை. குடித்தால் பிடித்துவிடும், பிடித்தால் முகத்தில் தெரியும், தெரிந்தால் யாரிடமாவது சொல்லிவிடுவேன் என்று அத்தையிடம் சொன்னாராம். மூன்று மாதம் கறுப்புக் காபி குடித்தார்.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒங்க ஆப்புல ஒரு எடம் இருக்குல்லடா, அதப்பத்தி நாம எழுதுறதுக்கு? அத எடுத்துக் குடு."

"எதுக்கு மாமா?"

"நேத்துப் படிச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டுப் பேரும் திட்டி வச்சிருக்காய்ங்க. ஒரு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம். ஒருத்தன் அதுக்கும் கீழ போட முடியாதான்னு கேட்டுருக்கான். நீ அதுக்காக ராத்திரி பகலா உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியும்ல. பாவமா இருக்குடா."

எல்லாக் கம்பெனிகளின் பொருள்களிலிருந்தும் அவரைத் தள்ளிவைக்க வழி செய்திருந்தோம். எங்கள் ஆப்பும் ஒரு பொருள்தான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"மாமா, அந்த ஆப்பாலதான் ஒங்களுக்கு..."

"தெரியும்டா. முட்டாளுன்னு நெனச்சியா? ஆனா கயலத் தூக்கிவிட்டதும் அதுதான். பொய்யா எழுத எனக்கு வராது. மெய்யாவே புடிச்சிருக்கு."

நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுதினால் இது படுத்துவிடும், இது படுத்தால் இதை நம்பி நிற்கிற கயல் அக்காவின் பொடியும் படுத்துவிடும் என்று. அப்படிச் சொல்ல, அந்த எண் உண்மை என்று அவர் முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்ள வேண்டும். தெரு முழுக்க அதைச் செய்துவிட்டது; நான் ஒருவன்தான் பாக்கி. பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் ஒற்றை விரலால் பொறுமையாகத் தட்டினார்.

நல்லா இருக்கு. எல்லாரும் வாங்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவர் காரணமில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன், அதாவது பெரும்பாலான நாட்களில் சொல்வேன். திட்டுகள் அதற்கு முன்பே குவிந்திருந்தன. மைனஸ் எண்காரர்கள் வெட்கப்பட்டு முதலில் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள், எண் இறங்கிவிடுமோ என்று பயந்து அடுத்தவர் வாங்கட்டும் என்று காத்திருந்தார்கள். மேரி ரோஸ்லின் ஒருநாள் எல்லாப் பெட்டிகளையும் வாசலிலேயே விட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாக் குழுக்களிலும் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போணி செய்ய ஓர் ஆள் இல்லை. ஐந்து வாரத்தில் கைராசி இழுத்து மூடப்பட்டது. இமயவரம்பன் சென்னைக்குப் போய் ஜாதகத்தில் ஏதோ புதிதாகச் செய்கிறார். நாற்காலியையும் எடுத்துப் போய்விட்டார்.

பொடி ஆர்டர்களும் அந்த ஐந்தாவது வாரத்தோடு நின்றன. எட்டுச் சாக்கு மிச்சம். கயல் அக்கா அழவில்லை. வேலைக்கு வைத்த பெண்கள்தான் அழுதார்கள்.

மாமா என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "நான் எழுதுனதுனாலயாடா?"

"இல்ல மாமா. சர்வர் பிரச்சன."

"ஓ," என்றார். டைம்கீப்பர். பிந்தி வந்த பஸ்ஸுக்கு டிரைவர்கள் சொல்லும் காரணங்களை முப்பது வருடமாகக் கேட்டவர்.

அடுத்த வாரம் கயல் அக்கா ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்தாள். பொடியைக் கலக்கி, சூடாக, தெருமுனையில். குழு கிடையாது, எண் கிடையாது. எண் போய்விட்டதே தவிர, அது சொன்னது தெருவில் யாருக்கும் மறக்கவில்லை. காலை ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். ஏழு மணி வரை ஆள் வரவில்லை. கருத்தக்கண்ணன் தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பரிமளம் மாடியிலிருந்து பார்த்தாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வாங்கலாம் என்று தோன்றியது. ஆனால் என் எண் வெறும் பிளஸ் மூன்று. அந்த எண்ணைச் செய்தவன் கையால் போணியா என்று கயல் அக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

மாமா வேலைக்குக் கிளம்பி வந்தார். வண்டியைத் தாண்டுவதற்காக எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரமாக நடந்தார்.

"அப்பா."

அவர் நின்றார்.

"இங்கிட்டு வாங்க. போணி பண்ணிட்டுப் போங்க."

"எனக்கு நேரமாச்சுத்தா. பஸ்ஸு..."

"ஒங்க பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கருத்தக்கண்ணனை, மாடியை, என்னை. பிறகு வந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எட்டு மாத உழைப்பும் நான்கு மாத வியாபாரமும் முடிந்த பிறகு, மகள் செய்ததை முதல் முறையாகக் குடித்தார். ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிறுத்தாமல் குடித்தார்.

கயல் அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "எப்படிப்பா இருக்கு?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வரை அவர் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்.

"சுமார்தான்," என்றார் தனுஷ்கோடி மாமா, மாடிக்கும் கேட்கிற குரலில். "சுக்கு தூக்கலா இருக்கு. பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

கயல் அக்கா தலையை ஆட்டினாள். கரண்டியை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக வண்டியை நோக்கி நடந்து வந்தார். மாமா டம்ளரை அண்ணாந்து கவிழ்த்து, அடியில் இருந்த கடைசிச் சொட்டு நாக்கில் விழும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.